ஹேண்டில்பாரில் ஒரு காகித வரைபடம்

சைக்கிளில் ஆட்களைக் கூட்டிப்போய் ஊர் காட்டும் வேலைக்கு வருகிறவர், ஊரைத் தெரிந்துகொள்வதற்கு முன் ஹேண்டில்பாரின் தடிமனைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் இங்கே பிறந்தவள்தான். இருபது வருஷம் பெர்த்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, தமிழர் கடைத்தெருவான தேக்காவில் குமரனின் வாடகை சைக்கிள் கடையில் வழிகாட்டியாகச் சேர்ந்தேன். நான் முன்னால், நாலு பேர் பின்னால். ஏழரைக்குப் புறப்பட்டால் பத்தரைக்குள் திரும்ப வேண்டும். நான் விட்டுப்போன ஊரோ இடம் மாறி உட்கார்ந்திருந்தது. கைபேசியைப் பார்த்து ஓட்டலாமென்றால் ஒரு தெருப் பெயரும் கண்ணுக்குப் பிடிபடவில்லை. படிக்கிற கண்ணாடியைப் போட்டால் எழுத்து தெரியும், எதிரே வரும் பேருந்து தெரியாது. மாத்திரை அட்டையைக் கை நீளத்துக்கு நீட்டிப் படிக்கிறவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கண் விஷயத்தைக் குமரனிடம் மட்டும் சொல்லவில்லை. "அஞ்சு வண்டியிலயும் காகித மேப் மாட்டப்போறேன், பெரிய எழுத்துல" என்றேன். முப்பத்து மூன்று வயது முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தான். "தீபாவளிக் கூட்டம் வர்ற வரைக்கும் பாப்போம் கா. சரிப்படலன்னா ஃபோனை மாட்டுற மவுண்ட் போட்டுட்டு வேற ஆளை முன்னால விடுறேன். நீங்க கவுண்டரைப் பாத்துக்குங்க."

பிடி

முதலில் வாங்கியது துணிப் பட்டையால் கட்டும் பை. அது ஊஞ்சல் ஆடியது. இரண்டாவதன் பிளாஸ்டிக் கொக்கி இரண்டாம் நாளே உடைந்தது. மூன்றாவது, அலுமினியப் பிடியும் தட்டைப் பலகையும் கொண்டது. பார்த்ததுமே மனசுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் அந்தப் பிடி தடித்த கம்பிக்குச் செய்தது, எங்கள் வண்டிகளின் கம்பி மெலிசு. ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் வரைபடம் தலை குனிந்து கும்பிடு போட்டது.

பழைய டியூபைக் கீற்றாக வெட்டி, கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி, அதன்மேல் பிடியை முறுக்கினேன். அசையாமல் நின்றது. ஐந்து வண்டியையும் முடித்துவிட்டு நிமிர்ந்தபோது குமரன் பின்னால் நின்றுகொண்டிருந்தான். "மேப்புக்கு எடம் இருக்கு கா, மணிக்குத்தான் இல்ல. யாராவது குறுக்க வந்தா மேப்பைத் தூக்கிக் காட்டுவீங்களா?"

இடது திருப்பம்

முதல் குழுவில் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து வந்திருந்தார் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். அகலமான தொப்பிமேல் தலைக்கவசத்தைப் போட முயன்று தோற்றவர். கல்லாங் ஆற்றோரப் பாதையில் முதல் இடது திருப்பம் வந்தது. அவருடைய ஹேண்டில்பார் பாதியில் நின்றுவிட்டது. நான் மாட்டிய பலகை பிரேக் கேபிள்மேல் போய் முட்டிக்கொண்டிருந்தது. கடையில் இட நெருக்கடி என்று எல்லா வண்டியையும் நேராக மட்டும் ஓட்டிப் பார்த்திருந்தேன்.

நல்லவேளை, காலை ஊன்றி நின்றுவிட்டார். என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். அங்கேயே பலகையைக் கழற்றி, கேபிளை விட்டுத் தள்ளி மாட்டினேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே சொன்னார்: "முப்பது வருஷம் பிள்ளைங்களை நேராப் போகச் சொல்லித்தான் பழக்கினேன். வண்டியையுமா அப்படிப் பழக்கணும்மா?"

வேர்வை

மழைக்குப் பயந்து, வரைபடத்தைப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையின் நாலு பக்கமும் டேப் ஒட்டினேன். ஒரு துளி உள்ளே போகாது என்ற கர்வம். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த நாலு பேரும் கப்பல் பட்டறைத் தொழிலாளர்கள், புதுக்கோட்டைப் பக்கம். ஒன்பது மணி வெயிலில் உறைக்குள் நீராவி மண்டியது. கேலாங் போகும் வழி மொத்தமும் மறைந்தது. "மேப்புக்கு நம்மளவிட அதிகமா வேர்க்குதுடா" என்றார் ஒருவர்.

இன்னொருவர் டேப்பைப் பிரித்தார். என் சட்டையிலிருந்த ஊக்கை வாங்கி, லைட்டரில் சூடாக்கி, உறையின் அடியில் இரண்டு ஓட்டை போட்டார். கப்பலில் கேபிள் பெட்டிகளுக்கு இப்படித்தான் செய்வார்களாம். "தண்ணிய வராமத் தடுக்க முடியாதுக்கா. வந்தது வெளிய போக வழி விட்டாப் போதும்."

மேலே எது

அச்சடித்த வரைபடத்தில் வடக்கு மேலே. நாங்கள் டோபி காட் பக்கம் தெற்கே போகிறபோது, படத்தில் இடது இருந்தால் ரோட்டில் வலது. என் பின்னால் வந்த மூன்று குழுவிலும் ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் போனதும், நானே உட்கார்ந்து வரைந்தேன். புறப்படும் இடம் அடியில், போகும் இடம் உச்சியில். ஒவ்வொரு திருப்பத்துக்கும் தமிழிலும் ஆங்கிலத்திலும் கட்டை விரல் உயர எழுத்து.

அடுத்த குழுவில், சென்னையிலிருந்து இங்கே வேலைக்கு வந்த ஒரு தம்பதி. கணவர் ரொம்ப நேரம் வடக்கைத் தேடினார். "நாம போற பக்கம்தான் மேல" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். "புரியுது மேடம். எங்க ஆஃபீஸ்லயும் இதே மேப்தான்."

கை நீளம்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கையில் குமரனே கூட வந்தான். ஆற்றோரப் பாதையில் ஏதோ வேலை நடக்கிறதென்று தடுப்பு வைத்திருந்தார்கள். "இதுல மாத்து வழி போட்டிருக்கு, பாருங்க கா" என்று தன் கைபேசியைக் கொடுத்தான். நான் கையை நீட்டினேன். போதவில்லை. தலையையும் பின்னால் சாய்த்தேன். அவன் அதைப் பார்த்துவிட்டான்.

கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் வரைபடத்தைப் பார்த்தேன். மழை நாளுக்கென்று நான் வரைந்து வைத்த பின்தெரு அதில் இருந்தது. அந்த வழியாகவே போய்க் கேலாங் கோயில் வாசலில் நிறுத்தினோம். அப்புறம், "கண்ணு தெரியலன்னு சொல்லியிருந்தா அப்பவே சரின்னு விட்டிருப்பேன்ல?" என்றான். "அதனாலதான் சொல்லல. பாவம்னு விடுற வேலை எனக்கு வேணாம்" என்றேன். அவன் தண்ணீரைக் குடித்து முடித்தான். "முன்னால யாருன்னு வெள்ளிக்கிழமை சொல்றேன் கா."

வெள்ளிக்கிழமை

கடைக்குள் நுழைந்தபோது முதல் வண்டியில், நான் ஓட்டும் வண்டியில், புத்தம் புதிய ஃபோன் மவுண்ட் இருந்தது. என் பலகை கவுண்டரில் கிடந்தது. நான் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. கவுண்டருக்குப் பின்னாலும் போகவில்லை.

அப்போதுதான் புக்கிட் பாஞ்சாங் ஆசிரியை வந்தார், இந்த முறை மூன்று தோழிகளோடு. நாலு பேர் கழுத்திலும் சங்கிலியில் கண்ணாடி தொங்கியது. ஃபோன் மவுண்டைக் குனிந்து பார்த்துவிட்டு குமரனிடம், "இது பிள்ளைங்களுக்கா தம்பி? எங்களுக்குப் பெரிய எழுத்து வண்டி போதும். முன்னால போறது இந்தம்மாதானே?" என்றார். குமரன் என்னைப் பார்க்காமல் ஸ்பேனரை எடுத்தான். பலகையைத் திரும்ப மாட்டி, டியூப் கீற்றைக்கூட மறக்காமல் சுற்றினான். ஆசிரியை தன் வண்டியின் ஹேண்டில்பாரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். "இப்ப ரெண்டு பக்கமும் போகுது. கிளம்பும்மா."

அந்த ஃபோன் மவுண்ட் இன்றைக்கும் கவுண்டரில்தான் இருக்கிறது. கவுண்டரைப் பார்த்துக்கொள்ளவும் யாராவது ஒருவர் இருக்கத்தானே வேண்டும்.