பென்னலூர் கட்டிலில் ஒரு பிரெஞ்சு ஸ்டேஷன்

ஸ்ரீபெரும்புதூருக்கு ரயிலே கிடையாது. ஆனாலும் போன மாதம் ஒரு வியாழக்கிழமை நான் அந்தப் பக்கம் போனது ரயிலைப் படம் பிடிக்கத்தான். அதுவும் 1960-களில் ஓடிய பிரெஞ்சு ரயில்! பென்னலூரில், ஒரு கட்டில் மேல் ஓடுகிறது.

அதைக் கட்டியவர் ஸ்டெல்லா அக்கா. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் கார் பாகங்களின் தரம் பார்க்கும் வேலை. மாடல் ரயில் பைத்தியங்களின் ஆன்லைன் குழுவில்தான் எனக்குப் பழக்கம். பிரெஞ்சு ரசிகர்கள் நடத்தும் இணையக் கண்காட்சிக்கு மூன்று நிமிட வீடியோ அனுப்ப அன்றுதான் கடைசி நாள். அக்காவின் போன் கேமராவில் விரிசல். நல்ல கேமராவும் ஸ்டாண்டும் என்னிடம் இருந்தன. கிளம்பிவிட்டேன்.

குன்றத்தூரில் காலை 8.10-க்கு பஸ். சாதாரணக் கட்டண வண்டி என்பதால் பெண்களுக்கு இலவசம். 9.05-க்கு ஸ்ரீபெரும்புதூர். அங்கிருந்து பென்னலூருக்கு மூன்று கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய்.

"இன்னாமா அது, ஷூட்டிங்கா?" என்றார் ஆட்டோ டிரைவர், ஸ்டாண்டைப் பார்த்து.

"ரயிலை எடுக்கப் போறேண்ணா."

"பென்னலூர்ல ஏதும்மா ரயிலு? கன்டெய்னர் லாரிதான் கீது. வேணா அத்த எடுத்துக்கினு போ."

அக்காவின் வீடு ஒரே அறை. ஒரே கட்டில். அதை அக்காவும் அவருடைய தோழி ரேவதியும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஒருவர் ஷிஃப்ட்டில் இருக்கும்போது மற்றவர் தூங்குவார். சுவரில் சாத்தியிருக்கும் ரயில் பலகையை விரிக்க அந்தக் கட்டிலை விட்டால் இடமில்லை. அன்று அக்காவுக்கு விடுமுறை. ரேவதி காலை ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்குத் தூங்க வருவார். அதற்குள் முடிக்க வேண்டும்.

பலகை ஆறடிக்கு இரண்டரை அடி. பிரான்சின் தெற்கே ஒரு சின்ன ஊர். அட்டைப்பெட்டியின் நெளிநெளி உள்தாள்தான் ஓட்டுக் கூரை. காய்ந்த டீத்தூள்தான் மண். மரத்துக்கு இலை, பாத்திரம் தேய்க்கும் பச்சை நார். ரோட்டில் குட்டிக் கார்கள். ஒரு தண்டவாளத்தில் நீராவி வண்டி. இன்னொன்றில் சிவப்பும் வெண்ணெய் நிறமுமாய் ஒற்றைப் பெட்டி ரயில். அதன் டிரைவர் கூரை மேல் ஒரு கூண்டில் உட்கார்ந்து ஓட்டுவார். நிஜமாகவே அப்படித்தான் இருந்ததாம்! கத்திவிட்டேன்.

பலகையை விரித்து வண்டிகளை ஓட வைக்கவே மதியமாகிவிட்டது. முதல் டேக்கிலேயே ஏதோ உறுத்தியது. இரண்டு வண்டிகளும் தத்தம் வலது பக்கத் தண்டவாளத்தில் போயின.

"அக்கா, ரயில் ஏன் வலது பக்கம் போகுது?"

"பின்ன? பிரான்ஸ்ல எல்லாம் வலது பக்கம்தான். ரோட்ல காரைப் பாரேன், கரெக்டா வெச்சிகிறேன்."

கார்கள் சரிதான். ஆனால் அந்த நாட்டு ரயில்களின் டிரைவர் இருக்கையிலிருந்து எடுத்த வீடியோக்களை நான் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அங்கே கார் வலது, ரயில் இடது. ஒரு வீடியோவை ஓட்டிக் காட்டினேன். அக்கா வீடியோவையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். எட்டு மாத உழைப்பு. கண்காட்சிக்கு வருகிற பிரெஞ்சுக்காரர் எவரும் முதல் நொடியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

"ஜெர்மனி எல்லைகிட்ட ஒரு பகுதியில மட்டும் வலது பக்கம் ஓடுமாம். ஸ்டேஷன் பேரை மாத்திடலாமா?" என்று கேட்டேன்.

"கூரை, மரம், வெயிலு எல்லாம் தெக்கத்தி ஊரு. பேரை மட்டும் வடக்க ஒட்டிடலாமா? கம்பெனி லைன்ல இப்டி ஒரு பீஸ் வந்தா நான் இன்னா பண்ணுவேன் தெரியுமா? ரிஜெக்ட்டு. கத்தி எடு."

மணி 12.20. வண்டிகளைத் திசை மாற்றி ஓட்டுவது ஒரு சுவிட்ச் வேலை. வலது பக்க ஓட்டத்துக்காக நட்ட நான்கு சிக்னல்கள்தான் சிக்கல்; அழுத்தமாகப் பசை போட்டிருந்தது. ஒவ்வொன்றாகக் கீறி எடுத்தோம். மூன்று முழுசாக வந்தன. நாலாவது இரண்டாக உடைந்தது. அக்கா அதன் உடைந்த முனைகளைத் துடைத்தார். பிறகு ஒட்டினார். எல்லாவற்றையும் இடம் மாற்றி நட்டு, பழைய ஓட்டைகளை டீத்தூளால் மூடி, பசை காய்ந்தபோது மணி 2.40. ஜன்னல் வெளிச்சம் கட்டிலை விட்டு இறங்கிப் போயிருந்தது.

2.50-க்கு ரேவதி வந்துவிட்டார். சங்கரன்கோவில்காரர்.

"ஏட்டி ஸ்டெல்லா, எட்டு மணி நேரம் நின்னு காலு கடுக்கு. என் கட்டில்ல என்னட்டி கூத்து?"

"அஞ்சே நிமிஷம்டி. உன் போன் லைட்ட அந்த சிக்னல் மேல காட்டேன், செல்லம்ல."

பையைக்கூட இறக்காமல் லைட்டைப் பிடித்தார். கூரைக் கூண்டு ரயில் வளைவிலிருந்து வந்தது. எதிரே நீராவி வண்டி. ஒன்றையொன்று தாண்டின, இரண்டும் தத்தம் இடது பக்கத்தில். ஒரே டேக். வலது, இடது கதையை ரேவதியிடம் சொன்னேன்.

"இதுக்கா இம்புட்டுப் பாடு? நம்ம தாம்பரத்துலயும் இப்படித்தானட்டி போவுது!"

அக்கா தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். தினமும் கண்ணில் படுவதை விட்டுவிட்டு, தெரியாத நாடு என்றால் எல்லாமே தலைகீழாக இருக்கும் என்று நாமே முடிவு கட்டிக்கொள்கிறோம். நானும் அந்த வீடியோக்களைப் பார்த்திருக்காவிட்டால் வலது பக்கம்தான் போட்டிருப்பேன்.

வீடியோவை 4.10-க்கு அனுப்பினோம். கண்காட்சியில் சேர்த்துக்கொண்டார்கள். திசையைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் வெற்றி. ஒருவர் மட்டும், மேகம் கடந்து போகிற மாதிரி வெளிச்சம் அசைகிறதே, எந்த விளக்கு என்று கேட்டிருந்தார். ஷிஃப்ட் முடிந்து வந்த ரேவதியின் கை நடுக்கம் அது.

இப்படி ஒரு மாடலைப் படம் பிடிக்கப் போகிறவர்களுக்கு: கேமராவை ரயிலின் ஜன்னல் உயரத்துக்கு இறக்குங்கள், மேலிருந்து எடுத்தால் பொம்மையாகிவிடும். பசை, கத்தி, டீத்தூள் கையோடு இருக்கட்டும். அந்த நாட்டு ரயில் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். ஸ்டெல்லா அக்காவின் ரயிலையே பார்க்க வேண்டுமென்றால், குழுவில் அவரிடம் கேட்டுவிட்டு, ரேவதிக்குக் காலை ஷிஃப்ட் இருக்கும் நாளில் போங்கள். மூன்று மணிக்கு மேல் அங்கே பிரான்ஸ் கிடையாது. கட்டில்தான்.