முருங்கை மரத்தடியில் ஒரு தனிக் குடித்தனம்

"சார், எங்க நைனாகிட்டேர்ந்தும் அம்மாகிட்டேர்ந்தும் என்ன சட்டப்படி பிரிச்சு வுடுங்க."

ஸ்ரீபெரும்புதூர் கோர்ட் வாசலில் கரும்பு ஜூஸ் குடித்துக்கொண்டிருந்த ஒரு வக்கீலிடம் இப்படிக் கேட்டவள் நான்தான். 1991, பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம். அவர் குடிப்பதை நிறுத்தவில்லை.

"லவ்வா பாப்பா?"

"இல்ல சார்."

"அடிக்கறாங்களா?"

"இல்ல சார்."

"சோறு போடலியா?"

"அதெல்லாம் ஓவராவே போடறாங்க சார்."

"அப்புறம் இன்னாத்துக்கும்மா பிரிக்கணும்?"

காரணம் இருந்தது. எங்கள் ஊர் பிள்ளைப்பாக்கம். நாங்கள் வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்த நிலத்தை ஒரு கம்பெனி வாங்கி காம்பவுண்டு எழுப்பிக்கொண்டிருந்தது. நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்பது பேச்சு. நைனாவுக்கு அவர்கள் கேட்ட வயது எப்போதோ தாண்டிவிட்டது. நான் ஒரே பெண். ஆகவே அந்த வேலை எனக்குத்தான் என்று நைனா முடிவு செய்து, ஊர் முழுக்கச் சொல்லியும் விட்டார். எனக்கோ காஞ்சிபுரத்தில் பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ் படிக்க வேண்டும். விண்ணப்பத்தில் தகப்பனாரோ கார்டியனோ கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது. நைனா பேனாவைத் தொடவே மாட்டேன் என்றார். கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

அமெரிக்காவில் ஒரு பையன் கோர்ட்டுக்குப் போய் அப்பா அம்மாவையே ரத்து செய்துவிட்டான் என்று ஏதோ பத்திரிகைத் துணுக்கில் படித்திருந்தேன். அமெரிக்காவில் முடிந்தால் ஸ்ரீபெரும்புதூரில் முடியாதா என்ன?

வக்கீல் என் மார்க் ஷீட்டை வாங்கிப் பார்த்தார். சிரித்தார். "இதும்படி ஒனக்குப் பதினெட்டு முடிஞ்சு போச்சே. ஜட்ஜு எதுக்கு? நீ ஏற்கெனவே ரிலீஸ்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மையில் எனக்குப் பதினேழுதான். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது, தலைக்கு மேலாகக் கையை வளைத்துக் காதைத் தொடச் சொன்னார்கள், எனக்கு எட்டவில்லை. நைனா அசராமல், "கைதான் சார் குட்ட, வயசெல்லாம் கீது" என்று ஒரு வருஷத்தைக் கூட்டிச் சொல்லிச் சேர்த்துவிட்டார். பகலில் என் தொல்லை இல்லாமல் இருக்க அவர் அடித்துவிட்ட அந்தப் பொய்தான் இப்போது என்னை விடுதலை செய்திருக்கிறது. அதுவும் போன மாசமே.

"ஆனா காலேஜ்ல கையெழுத்து கேக்கறாங்களே சார்?"

"தனியா ரேஷன் கார்டு வாங்கு. நீயே குடும்பத் தலைவி, ஒனக்கு நீயே கார்டியன். எவன் கேப்பான்? ஆனா தனி அடுப்பு வச்சு ஆக்கித் தின்னணும். தாலுகாவுலேர்ந்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அதான் ஆர்.ஐ., வந்து பாப்பாரு. அடுப்பு வேறன்னாதான் குடும்பம் வேற."

ஃபீஸாக இன்னொரு ஜூஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று சாயந்திரமே தோட்டத்து முருங்கை மரத்தடியில் மூன்று செங்கல் வைத்தேன். கம்பெனி காம்பவுண்டுக்கு இறக்கியிருந்த செங்கல்தான். எங்கள் நிலத்தில் கிடந்தது எங்களுடையது இல்லையா? அம்மாவிடம் இரண்டு பானையும் அரிசியும் வாங்கிக்கொண்டு குடித்தனம் தொடங்கினேன்.

நைனா வந்து பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டார். "இன்னாமே, ஒம் பொண்ணு தோட்டத்துல கல்யாண சமையல் ஆரம்பிச்சுட்டா?"

"ஒங்க வூட்டுச் சோறு எனக்கு வேணாம் நைனா. நான் தனி."

"தனியா? வெறகு யாரு வூட்டு வெறகு?"

அதை நான் யோசிக்கவில்லை. மறுநாளிலிருந்து நானே பொறுக்கினேன்.

புரட்சி செய்கிறவர்கள் முருங்கை மரத்தடியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. மேலிருந்து கம்பளிப்பூச்சி விழும். சோற்றில் விழும், தலையில் விழும், ஒருமுறை சட்டைக் கழுத்துக்குள் விழுந்து நான் ஆடிய ஆட்டத்தைப் பார்க்கத் தெருப் பிள்ளைகள் வேலி மேல் ஏறிவிட்டார்கள். சோறோ சுவரொட்டி ஒட்டலாம் போலிருந்தது. வீட்டுக்குள்ளிருந்து கருவாட்டுக் குழம்பு வாசனை வரும்போதெல்லாம் ஃபிசிக்ஸ் அவ்வளவு முக்கியமா என்று தோன்றும். தோன்றியதும் கோபம் வரும். ஊதுகுழலை எடுத்து அடுப்பை ஊதுவேன்.

அம்மா உள்ளே தன் வேலையைப் பார்த்தாள். எட்டாவது வரை படித்து, பதினாறில் கல்யாணமாகி வந்தவள். அவளிடம் யாரும் ஒன்றும் கேட்பதும் இல்லை.

ஒருநாள் டீக்கடையிலிருந்து நைனா ஓட்டமும் நடையுமாக வந்தார். என் அடுப்பைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார்.

"பாப்பா, காத்து அடிக்கற பக்கம் வாய வச்சுக்கீற. பொக வராம இன்னா பண்ணும்?"

செங்கல்லைத் தூக்கி எறிந்துவிட்டுக் களிமண் குழைத்து அவரே அடுப்புப் போட்டார். மேலே தென்னங்கீற்றில் ஒரு கொட்டகையும் இறக்கினார். கம்பளிப்பூச்சிக்கு அதோடு வழி அடைபட்டது. எனக்குச் சந்தேகம் வந்தது.

"இன்னா நைனா திடீர்னு?"

"கம்பெனிக்காரன் ரேஷன் கார்ட வச்சுதான் வூட்ட எண்றானாம். ஒங் கார்டுக்கு ஒரு வேல, எங்க கார்டுக்கு ஒரு வேல. ஒன்னுது ஒனக்கு. எங்க கார்டுல ஒங்க அத்த பையனச் சேத்துக்கறேன்." என் முதுகில் தட்டினார். "எம்மாம் மூளடி ஒனக்கு! இத்த மொதல்லயே சொல்லக் கூடாது?"

நான் யாரை விட்டு ஓடப் பார்த்தேனோ அவரே எனக்கு ரோடு போட்டுக் கொடுத்தார். மனு எழுதியது அவர். தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடந்தது அவர். "எம் பொண்ணு தனியா பூட்டா" என்று டீக்கடையில் பெருமையடித்தது அவர். வீட்டை எதிர்த்து நிற்கிறவளுக்கு இதைவிட அவமானம் உண்டா? ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். கார்டு கைக்கு வந்தால் வேலைதான் என்று அவர் நினைத்தார். கார்டு கைக்கு வந்தால் நானே கையெழுத்துப் போட்டு காஞ்சிபுரம் பஸ் ஏறிவிடலாம் என்று நான் நினைத்தேன். ஆகவே நானும் நைனாவும் அந்த ஆர்.ஐ.க்காகச் சேர்ந்து காத்திருந்தோம்.

அவர் வருகிற நாள் காலையில் நைனா ஒத்திகை வைத்தார். "வெறும் அடுப்ப மட்டும் பாத்தா நம்ப மாட்டாரு. ரெண்டு பேருக்கும் ஒத்து வரலன்னு தெரியணும். அவரு வரசொல்ல நீ என்னத் திட்டு."

"இன்னான்னு திட்றது?"

"தெனம் இன்னா திட்றியோ அதான். சத்தமா."

ஆர்.ஐ. சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தோட்டத்துக்கு வந்தார். வியர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. நைனா எனக்குக் கண்ணைக் காட்டினார். ஆரம்பித்தேன்.

"ஒங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்!"

"போடி! நீ காலேஜு போயி இன்னா கிழிக்கப் போற? பல்பு எரியறதுக்குக் காரணம் கண்டுபுடிப்பியா?"

இது ஒத்திகையில் இல்லை. எனக்குச் சுருக்கென்றது.

"நெலத்த வித்தியே, அதோட நிறுத்திக்கினியா? அதுல கட்டிக்கீற மாட்டையும் சேத்து விக்கற மாதிரி என்னையும் சேத்துதான வித்த!"

நைனா வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டார். நடிப்பு எங்கே முடிந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

ஆர்.ஐ. மட்டும் திருப்தியாகத் தலையாட்டினார். "சண்ட ஒரிஜினல்தான். அடுப்பும் வேற. எங்க, பானையக் காட்டும்மா."

என் பானைகளைத் திறந்தார். ஒன்றில் என் சோறு, முகத்தைச் சுளித்தார். இன்னொன்றைத் திறந்ததும் எனக்கே ஆச்சரியம். உள்ளே கருவாட்டுக் குழம்பு. நான் வைக்கவே இல்லை! ஆர்.ஐ. கரண்டியை விட்டுக் கிளறினார். பாதி மாங்கொட்டை ஒன்று மேலே வந்தது. அரிவாள்மணையில் நேராகப் பிளந்த பாதி.

அந்தக் கரண்டியோடு வீட்டுக்குள் போனார். அம்மாவின் சட்டியைக் கிளறினார். அதிலும் பாதி மாங்கொட்டை. இரண்டையும் வெளிச்சத்தில் கொண்டுவந்து ஒட்டிப் பிடித்தார். பூட்டும் சாவியும் போலப் பொருந்தின.

"ஏம்ப்பா, கொட்டையக் கூட பாகம் பிரிச்சு குடுத்துக்கீறீங்களே. இது தனிக் குடும்பமா?"

"சார், அது வந்து…" என்று இழுத்தார் நைனா.

"ஒரே கொழம்பு, ஒரே கார்டு. ஆனா கொழம்பு நல்லாக்கீதும்மா." அம்மா அவருக்கு ஒரு தட்டு போட்டாள். சாப்பிட்டுவிட்டுத்தான் மனுவைத் தள்ளுபடி செய்தார்.

சைக்கிள் தெரு திரும்பியதும் நான் அம்மா மேல் பாய்ந்தேன். "ஒன்ன யாரு ஊத்தச் சொன்னது?"

"பசியோட கெடக்கறியேன்னு ஊத்தனேன்."

இத்தனை நாள் இல்லாத கரிசனம் ஆர்.ஐ. வருகிற நாளில் மட்டும் ஏன் வந்தது என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

நைனா பெருமூச்சு விட்டார். "செரி வுடு. ஒரு கார்டு, ஒரு வேல. பாப்பாவே போவட்டும்."

"நான் போவ மாட்டேன்!"

"அவ எதுக்குப் போவணும்?" என்றாள் அம்மா, தட்டைக் கழுவிக்கொண்டே. "போன வாரமே கம்பெனி ஆளுகிட்ட எம் பேரக் குடுத்துட்டேன். எட்டாவது போதும்னான். வயசும் செரியாக்கீதுன்னான்."

"நீயா?" நைனா என்னைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், மறுபடியும் அம்மாவைப் பார்த்தார். "ஒன்ன யாரு கேட்டா?"

"யாருமே கேக்கல. வூட்டுக்கு ஒருத்தர்னுதான சொன்னான்? நான் இந்த வூட்ல இல்லியா?"

நைனா தலையைச் சொறிந்தார். கடைசியில், "அப்போ சோறு யாரு ஆக்குவா?" என்றார்.

அம்மா உள்ளே ஒருமுறை பார்த்தாள், முருங்கை மரத்தடியை ஒருமுறை பார்த்தாள். "ஆளுக்கொரு அடுப்புக் கீது இல்ல?"

மறுநாள் நைனா என் இங்கிலீஷ் விண்ணப்பத்தை எழுத்துக் கூட்டிப் படித்து, கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "அந்த மாடு கதய ஆர்.ஐ. முன்னாடி சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார். நான் விண்ணப்பத்தை வாங்கி மடித்து வைத்தேன்.

அம்மாவுக்கு மதிய ஷிஃப்ட் வந்த முதல் வாரத்தில், நான் காஞ்சிபுரத்திலிருந்து பஸ் பிடித்துப் பசியோடு வந்து இறங்கினேன். தோட்டத்தில் புகை. தான் போட்ட அடுப்பு என்ற பெருமையில் நைனா அங்கேதான் சமைத்துக்கொண்டிருந்தார். குழம்பில் முழு மாங்கொட்டை மிதந்தது, பிளக்கத் தெரியவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

நைனா கரண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"நீதான் தனிக் குடித்தனமாச்சே? எங்க, கார்டக் காட்டு."