ரவுண்ட் ராக்கில் ஸ்நோவுக்குக் காத்திருந்தவர்கள்

ரவுண்ட் ராக்கில் ஸ்நோ விழாது. நாங்கள் அங்கே குடிபோன புதிதில் பலர் இதை எங்களுக்கு ஆறுதலாகச் சொன்னார்கள். டெக்ஸாஸின் நடுவில் இருக்கிற ஊர். முதல் கிறிஸ்துமஸுக்கு நான் பனியனோடு ஏணியில் நின்று வாசலில் ஸ்டார் கட்டினேன். வியர்த்தது. இறங்கி வந்து ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு குடில் ஜோடித்தோம். குடிலின் கூரைமேல் என் மனைவி பஞ்சைப் பிய்த்துப் போட்டாள். தூத்துக்குடியில் அவள் வீட்டிலும் அப்படித்தான் போடுவார்களாம்.

அப்படிப்பட்ட ஊரில், கிறிஸ்துமஸுக்கு ஸ்நோ விழாதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மூன்று பேர். அதில் நான் ஒருவன்.

எனக்கு அந்தப் பழக்கம் ஒரு மத்தியான வேளையில் வந்தது. அரைக்கைச் சட்டையோடு ஆபீஸிலிருந்து சாப்பிடப் போயிருந்தேன். வெளியே வந்தால் வடக்கு வானத்தில் கருநீலமாக ஒரு கோடு. கோடு நெருங்கி வந்தது, காற்று திசை மாறியது, காருக்குப் போய்ச் சேர்வதற்குள் எனக்குப் பற்கள் அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டன. இதை அங்கே ‘நார்தர்’ என்கிறார்கள். கனடாவிலிருந்து கிளம்பும் குளிர்காற்று, வழியில் மறிக்க ஒரு மலையும் இல்லாமல் நேராக டெக்ஸாஸுக்குள் இறங்கிவிடும். அன்றைக்கு எனக்குச் சளி பிடித்தது. சளி ஒரு வாரத்தில் போனது, ஆர்வம் போகவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் வானிலைப் படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, வேலை பார்க்கிறவனின் முகத்தோடு உட்கார்ந்திருக்கப் பழகினேன். வீட்டுச் சமையலறையில் ஒரு வானிலை ரேடியோ வாங்கி வைத்தேன். அதில் பாட்டு கிடையாது, விளம்பரம் கிடையாது. ஒரு மெஷின் குரல் நாள் முழுக்க வெப்பநிலையையும் காற்றின் திசையையும் வாசித்துக்கொண்டே இருக்கும். எங்கள் மகள் அந்தச் சோகக் குரலுக்கு ‘ஸேட் அங்கிள்’ என்று பெயர் வைத்திருந்தாள்.

இரண்டாமவர் காயல்பட்டினத்துக்காரர். ஃப்ரீவே ஓரமாகச் சின்ன மோட்டல் ஒன்று வைத்திருந்தார். நான் அவரை பாய் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். ரோடு உறைந்துபோனால் டிரக்காரர்கள் ரூம் கேட்டு வருவார்கள், அதற்காகத்தான் வெதர் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொள்வார். ரூம் எல்லாம் நிரம்பிய நாளிலும் வாசலில் நின்று வடக்கேதான் பார்த்துக்கொண்டிருப்பார். ரேடியோவில் அவருக்கு நம்பிக்கை இல்லை. டெக்ஸாஸில் பாதி ஊர்களில் மோட்டல் நடத்தும் குஜராத்திக்காரர்கள் அவருக்குப் பழக்கம். வடக்கே தூரத்து அமரில்லோவில் ஒருவர், அதற்குக் கீழே விச்சிடா ஃபால்ஸில் ஒருவர், எங்களுக்குப் பக்கத்தில் வேக்கோவில் ஒருவர். அவர்களை இந்தியில் கூப்பிட்டு, வெளியே எட்டிப் பார்த்துச் சொல்லச் சொல்வார். அவர்களும் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்துச் சொல்வார்கள்.

மூன்றாமவர் எங்கள் பக்கத்து வீட்டு அமெரிக்கப் பெண்மணி, ரிட்டயரான டீச்சர். கொல்லையில் மழை அளக்கும் குழாய் நட்டிருந்தார். ஸ்நோ அளப்பதற்கென்றே வெள்ளை பெயிண்ட் அடித்த பலகை ஒன்றையும் புல்லில் போட்டு வைத்திருந்தார். நான் பார்த்தவரை அதன்மேல் அவருடைய நாய்தான் படுத்திருந்தது.

என் மாமனார் வந்த வருஷம்தான் இது விளையாட்டாக இல்லாமல் போனது. மாமியார் சின்ன மகளின் பிரசவத்துக்காக ஊரிலேயே தங்கிவிட, மாமா தனியாக, மங்கி கேப்போடு, டிசம்பர் தொடக்கத்தில் வந்து இறங்கினார். ஏர்போர்ட்டை விட்டு வெளியே வந்ததும் இரண்டு பக்கமும் பார்த்தார்.

“மாப்ள, ஸ்நோவ எங்க?”

“இந்தப் பக்கம் விழாது மாமா.”

“கிறிஸ்மஸ் கார்டுல எல்லாம் போட்டிருக்கானே?”

“அது வேற ஊரு மாமா.”

“அமெரிக்காதான?”

மாமா தூத்துக்குடியில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐஸ் பாரை உடைத்துப் படகுகளுக்கு அனுப்புகிற மெஷின் பக்கத்திலேயே ஆயுள் கழிந்ததால் காது கொஞ்சம் மந்தம். நாம் சத்தமாகப் பேசவேண்டும், அவர் அதைவிடச் சத்தமாகப் பேசுவார். ஐஸையே பார்த்துச் சலித்தவருக்கு ஸ்நோ எதற்கு என்று என் மனைவி ஒருநாள் கேட்டாள்.

“என்னத்துக்குப்பா உங்களுக்கு? ஊர்ல மார்கழிப் பனி பாக்காததா?”

“அது ஈரம்லா. பூசைக்குப் போகையில தலையில துண்டு போட்டாச் சரியாப் போச்சு. நான் அதயா கேக்கேன்?” என்றார் மாமா. “ஐஸ் நான் பாத்தது போதும். தண்ணிய ஊத்தி, கரண்ட் குடுத்து, அமோனியாவ மோந்து மோந்து ஐஸ் செஞ்சிருக்கேன். ஒருத்தனும் செய்யாம, மேல இருந்து அதுவா விழுதுன்னு சொல்லுதாங்க. அது விழுததப் பாக்கணும்.”

நான் இதைப் பாயிடம் சொன்னேன். பாய் கொஞ்சம் யோசித்துவிட்டு, “நியாயமாத்தான் கேக்குறாரு” என்றார்.

மாமா எங்களோடு நாலாவது ஆளாகச் சேர்ந்துகொண்டார். காலையில் எழுந்ததும் ரேடியோவின் முன்னால் காதைச் சாய்த்துக்கொண்டு உட்காருவார். ஆங்கிலம் அவருக்கு நன்றாகத் தெரியும், ஆனால் மெஷின் குரல் பிடிபடவில்லை. பேத்தியைக் கேட்பார்.

“என்னம்மா சொல்லுதான்?”

“சன்னி, தாத்தா.”

“நாளைக்கு?”

“சன்னி.”

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பெரிய நார்தர் ஒன்று கிளம்பியது. ஆபீஸ் பாதி நாளோடு முடிந்ததும் நானும் மாமாவும் நேராக மோட்டலுக்குப் போனோம். பாய் கவுண்டரில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அமரில்லோவில் விழுகிறது, பார்க்கிங் லாட் தெரியவில்லை என்றார். கொஞ்ச நேரம் கழித்து விச்சிடா ஃபால்ஸிலும் விழ ஆரம்பித்தது. மாமா மங்கி கேப்பைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். வேக்கோக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு மழை என்று சொன்னார். குளிர் இன்னும் வந்து சேரவில்லை, மழைக்குப் பின்னால் வரும், வந்ததும் மழையே ஸ்நோவாக மாறிவிடும் என்று நான் மாமாவுக்கு விளக்கினேன். என் விளக்கத்தில் பிழை இல்லை. எங்கள் ஊரிலும் மழை பெய்தது. குளிரும் சொன்னபடி வந்தது. ஆனால் மழை நின்ற பிறகு வந்தது.

கிறிஸ்துமஸ் காலையில் வானத்தில் ஒரு மேகம் இல்லை. பூசை முடிந்து வந்து பிரியாணி சாப்பிட்டோம். பக்கத்து வீட்டம்மா பீக்கன் பை என்கிற பருப்புப் பலகாரத்தைக் கொண்டுவந்து கொடுத்து, மாமாவிடம் மெதுவாகவும் சத்தமாகவும், “நெக்ஸ்ட் இயர்” என்றார். மாமாவுக்கு ஜனவரி முதல் வாரத்தில் டிக்கெட். அடுத்த வருஷம் வருவதாக யோசனை எதுவும் இல்லை. ஆனாலும் “யெஸ், யெஸ்” என்றார்.

அதற்கு அடுத்த நாள் காலையில் பாய் வீட்டுக்கே வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே பேசினார்.

“அண்ணே, வடக்க இன்னொன்னு வருது. விச்சிடா ஃபால்ஸ்ல காலையில இருந்து விழுதாம். அது இங்க வராதுண்ணே, எனக்கு நல்லாத் தெரியும். நாம போவோம்.”

“எவ்ளோ தூரம் டிரைவ் பண்ணணும் தெரியுமா?” என்று என் மனைவி கேட்டாள். “ரோடு ஐஸா இருக்கும். இவருக்கு ஐஸ்ல ஓட்டத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா பாய்?”

“தெரியாது” என்றார் பாய்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். மாமா ஸ்வெட்டர் போட்டு, அதன்மேல் என் கோட்டைப் போட்டு, பட்டன் மாட்டிக்கொண்டிருந்தார். அவள் உள்ளே போய் ஃபிளாஸ்கில் காபி போட்டுக்கொண்டு வந்தாள்.

மூன்று பேரும் என் டொயோட்டாவில் கிளம்பினோம். வேக்கோவில் வெயில் அடித்தது. ஃபோர்ட் வொர்த்தில் மேகம் கூடியது. அதைத் தாண்டியதும் வயல்களில் அங்கங்கே வெள்ளைத் திட்டு தெரிந்தது. மாமா ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். விச்சிடா ஃபால்ஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது வானம் வெளிறிக் கிடந்தது. எதுவும் விழவில்லை.

அந்த ஊர் மோட்டல்காரர், பாயோடு இத்தனை வருஷமாகப் போனில் மட்டும் பேசியவர், வாசலுக்கு ஓடிவந்தார். காலை முழுக்க விழுந்தது, இப்போதுதான் நின்றது என்று தன்மேல் ஏதோ குற்றம் இருப்பதுபோலச் சொன்னார். பார்க்கிங் லாட்டின் மூலையில் வழித்துக் குவித்துவைத்த ஒரு குவியலைக் காட்டினார். இடுப்பு உயரம், பாதி அழுக்கு. மாமா கிட்டே போய்க் காலால் ஒரு தட்டு தட்டினார், ஒரு பிடி அள்ளி அமுக்கிப் பார்த்தார்.

“ஐஸ்” என்றார்.

“ஸ்நோதான் மாமா” என்றார் பாய்.

“விழுந்து முடிஞ்சா ஐஸ்தான்.”

மோட்டல்காரரின் மனைவி இஞ்சி தட்டிப் போட்டு டீ கொடுத்தார். நன்றாக இருந்தது. மாமா அதை இரண்டு தடவை வாங்கிக் குடித்தார். நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினோம். பாய் பின் சீட்டில் கோட்டைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார்.

வரும் வழியில் ஒரு சின்ன ஊரில் பெட்ரோல் போட ஒரு கேஸ் ஸ்டேஷனில் நிறுத்தினேன். சாயங்காலம் ஆகியிருந்தது. குழாயைச் சொருகிவிட்டு நின்றபோது கை முதுகில் ஏதோ பட்டது. முதலில் சாம்பல் என்று நினைத்தேன். இன்னொன்று பட்டது. நிமிர்ந்து பார்த்தேன்.

நான் காரின் கூரையைத் தட்டினேன். “மாமா! இறங்குங்க!”

அவர் இறங்கி, கொட்டகையின் கூரைக்கு அடியிலிருந்து வெளியே போய் நின்றார். முதலில் தூறல் மாதிரி இருந்தது, பிறகு பெரிது பெரிதாக, அவசரமே இல்லாமல் வந்தது. மாமா மங்கி கேப்பைக் கழற்றினார். வழுக்கைத் தலையில் விழுந்து கரைந்தது. கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தபடியே இருந்தார். பிறகு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். ரேடியோ கேட்கும்போது சாய்ப்பதுபோல. மறு பக்கமும் சாய்த்தார். என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

“மாப்ள, உண்மையச் சொல்லணும். சத்தமே இல்லியா, எனக்குத்தான் கேக்கலியா?”

“சத்தம் இல்ல மாமா. யாருக்கும் கேக்காது.”

“உங்களுக்கும் கேக்கல?”

“கேக்கல.”

அவர் தலையை ஆட்டினார். முகம் லேசாகிவிட்டது. “இவ்ளோ ஐஸு. ஒரு சத்தம் இல்ல” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அவர் தனக்குள் சொல்லிக்கொள்வது கேஸ் ஸ்டேஷனின் உள்ளே இருந்த பையனுக்கும் கேட்டிருக்கும்.

ஸ்நோ விழுவதை நானும் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். எத்தனையோ நாள் படங்களில் தேடியது. ஆனால் நினைத்துப் பார்த்தால் எனக்கு அது எப்படி விழுந்தது என்பது சரியாக ஞாபகம் இல்லை. மாமாவின் தலைதான் ஞாபகம் இருக்கிறது. அவருக்குக் குளிர்ந்துவிடுமே என்ற பயமும், கேப்பைப் போடச் சொல்ல மனம் வராததும் ஞாபகம் இருக்கிறது.

பாய் பே ஃபோனுக்கு ஓடினார். அமரில்லோக்காரரைக் கூப்பிட்டு இங்கே விழுகிறது என்றார். விச்சிடா ஃபால்ஸ்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார். வேக்கோக்காரரையும் விடவில்லை. அவர்கள் யாருக்கும் இந்தத் தகவலால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எல்லாரும் சந்தோஷப்பட்டார்களாம். நான் வீட்டுக்குப் போன் செய்தேன்.

“விழுது” என்றேன்.

“அப்பா கேப் போட்டிருக்காங்களா?” என்றாள் என் மனைவி.

“போட்டிருக்காங்க” என்றேன்.

கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. திரும்பும்போது பாலங்களில் ரோடு பளபளக்க ஆரம்பித்திருந்தது. ஒரு பெரிய டிரக்கின் பின்னாலேயே, அது போகிற வேகத்தில், ஊர்ந்து போனோம். வேக்கோ வந்ததும் பாய் இனிமேல் ஓட்டவேண்டாம் என்றார். அங்கேயே மோட்டலில் தங்கிவிட்டு மறுநாள் வீடு வந்து சேர்ந்தோம். மாமாவுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. எனக்குச் சளி பிடித்தது.

பக்கத்து வீட்டம்மா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எத்தனை அங்குலம் என்று கேட்டார். தரையில் தங்கவில்லை என்றேன். அப்படியானால் அதற்கு ‘ட்ரேஸ்’ என்று பெயர் என்றார். விழுந்தது உண்மை, அளக்கிற அளவு இல்லை என்று அர்த்தமாம். சொல்லிவிட்டு, எனக்குத் தெரியாமல் போய்விட்டீர்களே, காரில் ஒரு சீட் இருந்ததே என்றார். எங்கள் மூன்று பேருக்கும் அது தோன்றவே இல்லை. அந்த அம்மா ஜனவரி முழுக்க என்னிடம் மரியாதையாக மட்டும் பேசினார்.

மாமா ஊருக்குப் போன பிறகு மாமியார் போனில் பேசினார். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அமெரிக்காவில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்கிறார்களாம். ரோடு நன்றாகப் போட்டிருக்கிறார்கள் என்று சொல்கிறாராம். விச்சிடா ஃபால்ஸில் ஒரு பெண்மணி அருமையான இஞ்சி டீ கொடுத்ததாகவும் சொல்கிறாராம்.

“வேற ஒன்னும் சொல்லலியா அத்தை?” என்று கேட்டேன்.

“இல்லியே” என்றார் மாமியார். “வேற ஏதும் நடந்துச்சா?”