பாக்கெட்டுக்குள் நுழையாத பலகை

மேட்டுப்பாளையம் சாலையில் போகும் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, மடியில் ஒரு மரப்பலகையை விரித்துவைத்துத் தட்டிக்கொண்டிருக்கிறார் சுந்தரராஜுலு. பத்து விரலுக்கும் வேலை. பலகையில் எழுத்து கிடையாது, வயர் கிடையாது. நடுவில் ஒரு கீல், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் தட்டிவிட்டு, அதை இரண்டாக மடித்துச் சட்டைப் பாக்கெட்டுக்குள் திணித்துப் பார்க்கிறார். நுழையவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி விரிக்கிறார். பக்கத்தில் இருந்தவர் எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்? "ஏனுங்க, ஆர்மோனியம் பழகறீங்களாங்க?" என்று கேட்டே விட்டார். சுந்தரராஜுலு தன் தொண்டையைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். கேட்டவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, பாவம்.

பெரியநாயக்கன்பாளையத்தில் தண்ணீர்ப் பம்பு செய்யும் சின்னப் பட்டறை அவருடையது. போன வருஷம் வரைக்கும் அவர் உள்ளே பேசினால் ரோட்டில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். அப்படி ஒரு குரல். கடைசல் இயந்திரம் ஓடுகிற சத்தத்தையும் மீறிக்கொண்டு வரும். இந்தத் தொண்ணூற்றொன்பது பிறந்ததும் தொண்டையில் கட்டி என்றார்கள், அறுத்தார்கள். உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. இப்போது காற்றுகூட வார்த்தையாக வருவதில்லை.

பம்பு விற்பது பெரிய காரியமில்லை. விற்ற பம்பு தண்ணீர் எடுக்கவில்லை என்று கோபமாக வருகிறவரைச் சமாளிப்பதுதான் தொழில். சுந்தரராஜுலு அதில் கெட்டிக்காரர். கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டு, வந்தவரோடு மல்லுக்கு நின்று, கடைசியில் கோளாறு பம்பில் இல்லை, கிணற்றுக்குள் இறங்கும் குழாயில் இருக்கிறது என்று அவர் வாயாலேயே சொல்லவைத்துவிடுவார். இப்போதோ, அவர் கல்லு மாதிரி எதிரில் உட்கார்ந்திருக்க, வருகிறவர்கள் அவர் மனைவி ராமாமணியிடம் பேசுகிறார்கள். "அண்ணன்கிட்டச் சொல்லிப்போடுங்க அம்மணி" என்கிறார்கள், என்னமோ அண்ணன் வெளியூர் போயிருப்பதுபோல. ராமாமணிக்கு அழுகையே வந்துவிடும். "எனக்குப் பம்பைப் பத்தி என்னங்க தெரியும்? சுச்சுப் போட்டாத் தண்ணி வரோணும், அத்தனைதான் தெரியும்."

எல்லாவற்றையும்விட அவருக்குப் பொறுக்காதது ஒன்று உண்டு. யாரும் அவரோடு சண்டை போடுவதில்லை. கத்திக்கொண்டே படியேறுகிறவர்கள்கூட அவர் கழுத்துத் தழும்பைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "உடம்பைப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த இரக்கம் அவரைத் தின்றது. தை பிறந்ததும் பட்டறையை விற்றுவிடுவது என்று முடிவு செய்தார். வாங்குவதற்கு ஒருவர் வந்து கொட்டகையை அளந்துகூடப் பார்த்துவிட்டுப் போனார்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகள் நவ்யா ஏற்கெனவே ஒரு கையடக்கக் கணினி அனுப்பியிருந்தாள். உள்ளங்கை அளவு, ராமாமணி அதை டப்பா என்பார். குச்சியால் அதன் கண்ணாடியில் கிறுக்கினால் இங்கிலீஷ் எழுத்தாக மாறும். அந்த எழுத்திலேயே தமிழைத் தட்டுத்தடுமாறி எழுதிக் காட்டுவார். ஆனால் அவர் "தண்ணி" என்று எழுதி முடிப்பதற்குள் வந்தவர் காப்பி குடித்து டம்ளரைக் கழுவியே வைத்துவிடுவார். பட்டறையை விற்கப்போவது தெரிந்ததும் நவ்யா போனில் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். இந்த டப்பாவுக்கென்றே மடிக்கிற கீபோர்டு இரண்டு தினுசு வந்திருக்கிறது, அப்பா ஒன்றைச் சொல்லட்டும், கோவைக்கு வருகிற சிநேகிதியிடம் கொடுத்து அனுப்புகிறேன் என்றாள். அளவுகளை ஃபேக்ஸில் அனுப்பினாள்.

ஒன்று நாலாக மடிந்து பாக்கெட்டில் அடங்கிவிடும். விரித்து அதன் தலையிலேயே டப்பாவைச் செருக வேண்டும். அப்போது திரை அவரைப் பார்க்கும். எதிரில் இருப்பவர் எழுந்து வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்க வேண்டும். இன்னொன்று இரண்டாக மட்டும் மடியும், வயர் இல்லாதது. அதன் மூலையில் நிற்கும் சின்னக் கம்பியின் நுனியில், டி.வி. ரிமோட்டில் இருப்பதுபோல ஒரு கண். டப்பா அந்தக் கண்ணுக்குத் தெரிந்தால் போதும். பலகையை மடியில் வைத்துக்கொண்டு, டப்பாவை வந்தவரைப் பார்க்க வைத்துவிடலாம். தான் தட்டுவது தனக்கே நேராகத் தெரியாதே என்றால், அதனால் என்ன? இளவட்டத்தில் டைப்ரைட்டிங் பழகிய கை, பார்க்காமலே தட்டும். இதைப் படித்த நாளிலிருந்து மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஆனால் எதையும் மாதிரி செய்து பார்க்காமல் வாங்கமாட்டார். பீரோ வாங்குவதற்கு முன்னால் அதே உயரத்துக்கு அட்டைப்பெட்டிகளை ஹாலில் அடுக்கி, ஒரு மாதம் வீடே அதில் இடித்துக்கொண்டு நடந்தது. "பொண்ணு பாக்க வந்தப்ப மட்டும் எப்படித்தான் அட்டையில செஞ்சு பாக்காம உட்டாருன்னு தெரியலீங்க" என்பார் ராமாமணி. அப்புறம் அந்தப் பாக்கெட் விஷயம். பை தூக்கிக்கொண்டு திரிந்தால் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் என்று நினைத்துவிடுவார்கள் என்பது அவர் கட்சி. சட்டைப் பாக்கெட்டில் அடங்காத பொருள் சமயத்துக்குக் கையில் இருக்காது, ஆகவே வேண்டாம்.

பட்டறையில் வார்ப்புக்கு மர அச்சு செய்கிறவர் திருமூர்த்தி. அவரிடம் அந்த ஃபேக்ஸ் தாளை நீட்டினார் சுந்தரராஜுலு. வயர் இல்லாத பலகையை விரலால் தொட்டுக்காட்டினார். திருமூர்த்தி தலையாட்டினார். மாம்பலகையில், கீல் வைத்து, உப்புத்தாள் தேய்த்து, தடவிப் பார்த்தால் வெண்ணெய் மாதிரி வழவழவென்று செய்து கொடுத்தார். அதைத்தான் சுந்தரராஜுலு பஸ்ஸிலும், டீக்கடை பெஞ்சிலும், பேங்க் வரிசையிலும் விரித்து விரித்துத் தட்டிப் பார்த்தார். எல்லாம் சரி, பாக்கெட்டில்தான் நுழையவில்லை. பெரிய பாக்கெட் வைத்த சட்டை எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தாயிற்று. கடைசியில் மனசே இல்லாமல் டப்பாவில் கிறுக்கினார்: "நாலாக மடிவதையே அனுப்பச் சொல்லு." அன்றைக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

ராமாமணி போன் செய்வதற்கு எழுந்த நேரம், திருமூர்த்தி வந்து நின்றார். "மொதலாளி, அந்த அச்ச எப்பங்க வார்க்கறது? இரும்புன்னு நெனச்சுத்தானுங்க அளவு உட்டிருக்கறேன்."

"அளவு உடறதுன்னா என்னங்க?" என்றார் ராமாமணி.

"வார்த்தா இரும்பு சுருங்குமுங்களே அம்மணி. அப்பறம் கடைசல்ல சீவறதுக்கு வேற சுத்தியும் கொஞ்சம் எச்சா உடோணுமில்லீங்க. எப்பவும் உடறதுதானுங்களே!"

சுந்தரராஜுலு திகைத்துப்போனார். இது வார்க்கிற சாமான் இல்லை என்று அன்றைக்குச் சொல்ல அவருக்கு வாயில்லை. பட்டறையில் மரம் எடுத்தால் அளவு விடாமல் செய்யத் திருமூர்த்திக்குக் கை வராது. ஆயுசு முழுக்க இரும்பு வார்த்த தானும் அல்லவா அதை ஃபேக்ஸ் தாளோடு அளந்து பார்க்காமல் பஸ் பஸ்ஸாகச் சுமந்திருக்கிறோம் என்று உறைத்தது. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வழிந்தது. "ஏனுங்க, தப்பாப் போச்சுங்களா?" என்று திருமூர்த்தி மிரண்டார். சுந்தரராஜுலு அவர் முதுகில் ஒன்று போட்டு, அரத்தை எடுத்துவரச் சொல்லிச் சைகை காட்டினார். ஃபேக்ஸ் அளவுக்குப் பலகையைச் சுற்றியும் ராவினார்கள். மடித்துப் பாக்கெட்டில் விட்டார். வழுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தது.

"கண்ணு, வயர் இல்லாததையே குடுத்து உடு" என்று ராமாமணி போனில் சொன்னபோது, அவர் பாக்கெட்டைத் தட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

மார்கழியில் கீபோர்டு வந்து சேர்ந்தது. வந்த வாரத்திலேயே தொண்டாமுத்தூரிலிருந்து நஞ்சப்பன் வந்தார், தென்னந்தோப்புக்காரர். பம்பு தண்ணீர் எடுக்கவில்லையென்று வாசலிலேயே ஆரம்பித்தவர், தழும்பைப் பார்த்ததும் தணிந்து, வழக்கம்போல ராமாமணி பக்கம் திரும்பி உட்கார்ந்தார். சுந்தரராஜுலு பாக்கெட்டிலிருந்து பலகையை எடுத்து மடியில் விரித்தார். டப்பாவை மேஜைமேல் நஞ்சப்பனைப் பார்க்க நிறுத்தினார். விரல்கள் ஓடின.

நஞ்சப்பன் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். "வாங்க... நஞ்சப்பன். புட்வால்வைக்... கழட்டிப் பாத்தீங்களாங்க?" கிணற்றுக்கு அடியில், குழாயின் நுனியில் இருக்கும் வால்வு அது. படித்து முடித்ததும் விருட்டென்று நிமிர்ந்தார். "அதெல்லாம் பாத்தாச்சுங்க அம்மணி."

"என்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க? கேட்டது அவருங்க" என்றார் ராமாமணி.

அதற்குள் அடுத்த கேள்வி திரையில் வந்துவிட்டது. எப்போது பார்த்தீர்கள், யார் கழட்டினார்கள், குழாய் மூட்டில் காற்று இழுக்கிறதா? ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க நஞ்சப்பனுக்குச் சூடேறியது. கழுத்துத் தழும்பெல்லாம் மறந்துபோயிற்று. நாற்காலியைத் தடாலென்று சுந்தரராஜுலு பக்கம் திருப்பிப் போட்டார். "ஏனுங்க, நானென்ன நேத்துப் பொறந்தவனா? வால்வு, மூட்டு, கீட்டுன்னு கதை அளக்கறீங்க! ஓட்டைப் பம்பை என் தலையில கட்டிப்போட்டு, என்னையே குத்தஞ் சொல்றீங்களா?"

நடுவில் புகுந்து சமாதானம் சொல்ல ராமாமணி பதறி எழுந்தார். சுந்தரராஜுலு நஞ்சப்பன் முகத்தைவிட்டுப் பார்வையை எடுக்காமல், இடது கையை நீட்டி உட்கார் என்று மனைவியை அமர்த்தினார். வலது கை தட்டுவதை நிறுத்தவேயில்லை.