பதினொரு நாள் நேர்கோடு

எந்த அறைக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். யாரும் கவனிக்காதபடி, கால் தடுக்கிப் பிடித்துக்கொண்டவர் போல. அனல்மின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் இருபத்தொன்பது வருடம் ஷிப்ட் பார்த்த கை அது. அங்கே சுவர் மெல்ல அதிர்ந்துகொண்டே இருக்கும். அதிர்வு நின்றால் எங்கோ ஏதோ நின்றுவிட்டது என்று பொருள். பல்கலைக்கழக அரங்கின் சுவர் அன்று சும்மா இருந்தது. அதனாலேயே அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பழைய மாணவர்கள் கூடி மின்சாரம், சுற்றுச்சூழல் கொள்கை பற்றிப் பேசும் கூட்டம். பேசி முடித்ததை அடுத்த வாரம் அரசுக் குழுவுக்கு அறிக்கையாக அனுப்பப் போகிறார்கள். மேடையில் நெட்டையன், விடுதியில் அவருடைய அறைத்தோழன், இப்போது ஓர் ஆய்வு நிறுவனத்தின் தலைவன். பக்கத்து நாற்காலியில் சோலார் தகடு விற்கும் வகுப்புத் தோழன், மடியில் பிஸ்கட் பொட்டலத்தோடு.

“என்னடா அமுக்கு, நாற்காலியில எறும்பா? இந்த நெளி நெளியற?”

வாயைத் திறக்காதவர் என்பதால் கல்லூரியில் ஒட்டிக்கொண்ட பெயர்.

திரையில் ஒரு வரைபடம் விழுந்தது. ஏறி இறங்கி ஓடிய கோடு நடுவில் ஓரிடத்தில் அளவுகோல் வைத்து இழுத்தது போல் கிடந்தது. அடியில் இருந்த சின்ன எழுத்தை முன்வரிசைத் தலைகள் மறைத்தன. தேதிகள் மட்டும் தெரிந்தன.

“புகையில வர்ற தூசி அளவு இது,” என்றான் நெட்டையன். “பதினொரு நாள், ஒரு நூல் பிசகல பாருங்க. நிலையம் பழசானாலும் இவ்வளவு ஒழுங்கா ஓடுதுன்னா, கட்டுப்பாட்டைக் கொஞ்சம் தளர்த்தலாம்னு எழுதப்போறோம்.”

அந்தத் தேதிகளை அவருக்குத் தெரியும். புகைபோக்கி மீட்டர்களைப் பழுதுபார்க்கும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் அப்போது வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். மீட்டர் செத்துக் கிடந்தது. பதிவேட்டில் கட்டம் காலியாக இருந்தால் மேலிடம் விளக்கம் கேட்கும். தினமும் காலையில் அந்த எண்ணை எழுத வேண்டியவர் அவர்தான். முந்தைய நாள் எண்ணையே எழுதினார். மறுநாளும் அதையே. பொய் என்று தோன்றவில்லை. கட்டம் நிரப்புவது, அவ்வளவுதான்.

எழுந்திருக்க நினைத்தார். ஓய்வுபெற நாலே மாதம். “இந்த நாலு மாசத்தை வம்பு தும்பு இல்லாம ஓட்டிடுங்க” என்பது மனைவி தினமும் சாப்பாட்டுப் பெட்டியோடு சேர்த்துத் தருகிற சொல். வாயைத் திறந்தால் விசாரணை நிச்சயம். காலை மாற்றிப் போட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தங்கையின் வீடு நிலையத்துக்கு நாலு தெரு தள்ளி. சாம்பல் படிகிறதென்று அவள் மாடியில் துணி காயப்போட்டே வருடங்கள் ஆகின்றன. அதை எதற்கு இப்போது நினைக்கிறோம் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

“வேற கேள்வி இல்லைன்னா அடுத்த படத்துக்குப் போகலாம்,” என்றான் நெட்டையன்.

எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

“அட, அமுக்கு! இத்தனை வருஷம் கழிச்சு வாயைத் திறக்கறான், மைக் குடுங்கப்பா!” மேடையிலிருந்து நெட்டையன் கூவினான்.

அரங்கம் சிரித்தது. அவர் மைக்கை வாங்கவில்லை.

“அந்த நேர்கோடு நான் போட்டதுடா. மீட்டர் ஓடல. முந்தின நாள் எண்ணையே பதினொரு நாளும் எழுதினேன். அதை நம்பி எதையும் தளர்த்திடாத.”

சிரிப்பு அறுந்தது. பக்கத்தில் பிஸ்கட் கடிபடாமல் நின்றது. நெட்டையன் திரும்பித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தேநீர் இடைவேளையை அரைமணி முன்னதாகவே அறிவித்தான்.

விசாரணைக் கடிதம் மூன்றாம் நாளே வந்தது. பத்தாம் நாள் நெட்டையன் தொலைபேசியில் கூப்பிட்டான். அந்தப் பரிந்துரையை எடுத்துவிட்டார்களாம்.

“ஆனா ஒண்ணுடா. அந்தக் கோடு உன் நிலையத்தோடது மட்டுமில்ல. ஏழு நிலையத்தோட சராசரி. நீ ஒருத்தன் எழுதினதுக்கு அது நேரா நிக்காது. ஏழு இடத்துக்கும் ஒரே ஒப்பந்தக்காரர்தானாம். பதிவேட்டையெல்லாம் வரவழைச்சுப் பார்த்தேன். ஏழு பேரும் முந்தின நாள் எண்ணையேதான் எழுதியிருக்காங்க.”