அம்மா வெட்டிய பூசணி

பூசணிப் பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடும் என்பார்கள். ஐம்பதுகளில், வண்டிப்பெரியாருக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் விரலை மடக்கித்தான் காட்டுவோம். மடக்கிக் காட்டிய பிஞ்சும் அழுகத்தான் செய்தது. அதற்கு மழையைத் திட்டினோமே தவிர, விரல் சாஸ்திரத்தை யாரும் சந்தேகப்படவில்லை.

மலையாளத்துக்காரர்கள் மத்தங்கா என்கிற மஞ்சள் பூசணிதான். எங்கள் கொடி தகரக் கூரை முழுக்கப் படர்ந்து கிடக்கும். அம்மா அதில் எதையும் வீணாக்க மாட்டாள். காய் பிடிக்காத ஆண்பூவை அரிசிமாவில் தோய்த்துச் சுடுவாள். இளம் இலையை நார் உரித்து, தேங்காய் போட்டு வதக்குவாள். விதையைக் காயவைத்து வறுத்துத் தருவாள். தட்டப்பயறும் பூசணியும் சேர்த்து அவள் வைக்கும் புளிக்குழம்பு, மறுநாள் பழைய சோற்றோடு சாப்பிட்டால்தான் ருசி. இப்போது வெல்லத்தைக் கொட்டி அதே பெயரில் எதையோ வைக்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது.

ஆனால் முழுக்காயை அம்மா வெட்டமாட்டாள். முழுப் பூசணி ஓர் உயிர், பிள்ளை பெறுகிறவள் அதில் முதல் கத்தி போடக் கூடாது என்பது வழக்கம். ஆண் ஒரு வெட்டுப் போட்டுக் கொடுத்தால், பிறகு பெண்கள் துண்டு போடலாம். எங்கள் வீட்டில் அது அப்பாவின் வேலை. சமையலில் அவர் செய்த மொத்த வேலையும் அதுதான்.

அந்த வருஷம் அப்பா, வேலை வாங்கும் கங்காணியோடு சண்டை போட்டுக்கொண்டு, குமுளி வழியாகக் கம்பத்துக்கு இறங்கிப் போனார். வேறு வேலை பார்த்துவிட்டு வந்து எங்களைக் கூட்டிப்போவதாகச் சொன்னார். பெரிய காய் ஒன்று பரணில் இருந்தது. மழை தொடங்கியும் ஆளைக் காணோம், தகவலும் இல்லை.

"மதினி, எங்க வீட்டு ஆளை வரச் சொல்றேன். ஒரு வெட்டுப் போட்டுட்டு வரட்டும்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"வேண்டாம் மதினி. அவரு வந்து வெட்டுவாரு."

இன்னொருவர் வந்து வெட்டினால் அப்பா இனி வரமாட்டார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அம்மா பயந்தது அதற்குத்தான். எனக்கும் அதே பயம். கொழுந்தெடுத்துவிட்டு வந்ததும் அவள் முதலில் பரணைத்தான் பார்ப்பாள்.

ஒருநாள் காயை இறக்கி, அடியில் கட்டைவிரலால் அழுத்தினாள். விரல் உள்ளே இறங்கியது. அரிவாளை எடுத்தாள்.

"நீ வெட்டக் கூடாதுல்லம்மா?"

"அழுகுனா மட்டும் யாரு திங்க? தள்ளி உக்காரு."

உள்ளே சில விதைகள் வெள்ளையாக முளைவிட்டிருந்தன. அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு, கெட்டதைக் கழித்துவிட்டுக் குழம்பு வைத்தாள். அவள் அழுதாள். நானும் அழுதேன். அழுதுகொண்டே இரண்டாம் தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்த விதைகளை ஊன்றி, கொடி கூரையேறிக் காய்த்த பிறகு அப்பா தாடியோடு வந்து நின்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூரையைப் பார்த்தவர், உள்ளே வந்து அரிவாளை எடுத்துக்கொண்டார்.

"காயை எடு. வெட்டித் தாரேன்."

அம்மா அடுப்பிலிருந்து குழம்புச் சட்டியை இறக்கினாள்.

"வெட்டியாச்சு. கையைக் கழுவிட்டு உக்காருங்க."

அரிவாளை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்பா நின்றார்.