கறை போகத் தேய்த்த கை

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பத்து நாலு வருடமாகக் கொழுந்து பறிக்கும் பேச்சியம்மாவுக்கு விசா சமாச்சாரம் தலைகீழ்ப் பாடம். மகள் தனுஷிகா வெளிநாடு போனது படிக்கிற விசாவில். படிப்பு முடிந்ததும் இரண்டு வருட வேலை விசாவுக்கு மாறிக்கொண்டாள். பேச்சியம்மா கேட்டிருப்பது பார்க்கப் போகிற விசா. தொண்ணூறு நாள் மட்டும். அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. நாள் முடிந்தால் மூட்டையைக் கட்டிவிட வேண்டும்.

கொழுந்து பறிக்கிற மலையில் இதை யார் நம்பினார்கள்? "அங்கினயே தங்கிருவா, பாருங்க" என்று கங்காணி கந்தப்பன் கிண்டலடித்தார்.

"தங்குனா அடுத்த தடவ விடமாட்டான் கங்காணி. எம்புள்ளைக்கும் கெட்ட பேரு. பேரப்புள்ளயக் கையில வாங்கிட்டு, நாலு நாள் பத்தியம் வச்சுக் குடுத்துட்டு வந்துருவேன்" என்றாள்.

மகளுக்குத் தலைப்பிரசவம். மே இருபது என்று டாக்டர் நாள் குறித்திருந்தார். மருமகன் கிஷாந்தைத் தவிர அவளுக்கு அங்கே யாரும் இல்லை. அதற்குள் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் பேச்சியம்மாவின் கவலை. மகளின் அழைப்புக் கடிதம் வந்துவிட்டது. திரும்பி வருவாள் என்பதற்குச் சாட்சியாகத் தோட்டத்து லீவுக் கடிதமும் கிடைத்துவிட்டது. ஏப்ரல் எட்டாம் தேதி கொழும்புக்குப் போய்க் கைரேகை கொடுப்பதுதான் பாக்கி.

அங்கேதான் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாள். கொழுந்துக் கறை விரல் வெடிப்புக்குள் கறுப்பாக இறங்கிவிடும், சவர்க்காரத்துக்கெல்லாம் அசையாது. கொழும்பு ஆபீசில், படித்தவர்கள் முன்னால், இந்தக் கையையா நீட்டுவது? முதல் நாள் பீலிக் குழாயில் கொட்டும் தண்ணீரில் உட்கார்ந்து எலுமிச்சம்பழம், சாம்பல், தேங்காய்த் தும்பு என்று ஒரு மணி நேரம் தேய்த்தாள். போதாதென்று கல்லில் வேறு உரசினாள். கை வெளுத்தது. லயத்து வரிசை வீடுகளில் நாலு பேரிடம் காட்டிப் பெருமைப்பட்டாள்.

மறுநாள் கொழும்பு ஆபீசில், ரேகை எடுக்கிற இயந்திரத்தின் கண்ணாடி மேல் விரலை வைத்தாள். இயந்திரம் ஏற்கவில்லை. "ஆயெத் தியன்ன அம்மே" என்று மறுபடி வைக்கச் சொன்னாள் அங்கிருந்த சிங்களப் பெண். ஐந்து தடவை வைத்தும் பலனில்லை. அந்தப் பெண் விரல்களைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தெரிந்த தமிழில் சொன்னாள்: "ரேகை இல்ல அம்மா. தேச்சீங்களா? வேல செய்ய வேணாம். எண்ணெய் பூசிட்டு வாங்க."

புத்தாண்டு லீவு குறுக்கே விழுந்ததில், அடுத்த தேதி ஏப்ரல் இருபத்தெட்டுக்குத்தான் கிடைத்தது. விசா வர அதற்கு மேல் மூன்று வாரம் ஆகும்.

மலைக்கும் போகாமல், பாத்திரமும் தொடாமல், எண்ணெய்க் கையோடு உட்கார்ந்திருந்தாள். புருஷன் செல்லசாமிதான் ரொட்டியைச் சுட்டுக் கருக்கினார். "மகாராணி கைக்கு ஓய்வு போதுமா?" என்று அவர் விளையாட்டாகக் கேட்டதும் அழுதுவிட்டாள். "எங் கை கறுப்பா இருக்குன்னு யாருங்க கேட்டா? நானால்ல வெக்கப்பட்டுத் தேச்சேன்!"

இருபத்தெட்டாம் தேதி இயந்திரம் முதல் தடவையிலேயே ரேகையை ஏற்றது. குழந்தை மே பதினெட்டாம் தேதி பிறந்தது. விசா ஒட்டிய பாஸ்போட் இருபத்திரண்டாம் தேதி வந்தது. நடுவில் ஒருநாள் தனுஷிகா ஃபோனில் சொன்னாள்: "வலி எடுத்தப்ப வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேம்மா." பேச்சியம்மா ஃபோனைச் செல்லசாமியிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றாள்.

அதற்குப் பிறகு, பயணத்துக்கு முந்திய நாள் வரை மலைக்குப் போனாள். கையைத் தேய்க்கவில்லை.

பேத்திக்குப் பதினொரு நாளானபோது அங்கே போய்ச் சேர்ந்தாள். உள்ளே நுழைந்ததுமே தொட்டிலை நோக்கிக் கையை நீட்டினாள்.

"கையக் கழுவிட்டு வாங்கம்மா" என்றாள் தனுஷிகா.

கழுவிவிட்டு வந்தாள். கறை அப்படியே இருந்தது. கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு நின்றாள்.

"சோப்புப் போட்டேன்டி. இதுக்கு மேல போகாது."

தனுஷிகா முந்தானையை விலக்கி, அந்தக் கையிலேயே பிள்ளையை வைத்தாள்.